160 மீட்டரில் தூரதேசம் பிடிப்பது எப்படி?

ஹாம் ரேடியோக்காரர்கள் தூரதேசத்து நிலையத்தோடு தொடர்பு கொள்வதை ‘டிஎக்ஸ்’ என்பார்கள். 20 மீட்டர், 15 மீட்டர் பேண்டுகளில் அது இன்று பெரிய சாதனை இல்லை. சூரியன் ஒத்துழைத்தால் மொட்டை மாடியில் கட்டிய ஒரு டைப்போல் கம்பியும் 100 வாட் செட்டும் போதும். பட்டப்பகலில் ஐரோப்பா கிடைத்துவிடும். கீழே இறங்க இறங்கத்தான் ஆட்டம் சூடு பிடிக்கிறது. 40 மீட்டர், 80 மீட்டர், கடைசியில் 1.8 மெகாஹெர்ட்ஸில் இருக்கும் 160 மீட்டர். ஹாம்கள் அதை ‘டாப் பேண்ட்’ என்று அழைக்கிறார்கள். மற்ற பேண்டுகளில் நூறு நாடு பிடித்தவர்கூட இங்கே வந்தால் ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டும். காரணம் ஒன்றுதான்: இங்கே அனுப்புவது எளிது, கேட்பது கஷ்டம். செலவையும் உழைப்பையும் கேட்கும் பக்கம் திருப்பியவர்களுக்கே இந்த பேண்ட் வசப்படுகிறது.

பகலில் பூமிக்கு மேலே 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் ‘டி’ அடுக்கு என்று ஒன்று உருவாகிறது. தாழ்ந்த அதிர்வெண்களை விழுங்குவதுதான் அதன் வேலை. அதிர்வெண் பாதியானால் விழுங்குவது ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஆகவே நடுப்பகலில் 160 மீட்டர் சிக்னல் தரையோடு ஊர்ந்து சில பத்து கிலோமீட்டரில் ஓய்ந்துவிடும். பொழுது சாய்ந்ததும் டி அடுக்கு கலைந்துவிடும். அதற்கு மேலே 250, 300 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் ‘எஃப்’ அடுக்கு மட்டும் இரவெல்லாம் தங்கும். சிக்னல் அதில் பட்டுத் திரும்பி, தரையில் பட்டு மறுபடி மேலேறி, கண்டம் விட்டுக் கண்டம் போகும். ராத்திரி ஆனால் டிரான்சிஸ்டரில் மத்திய அலை நிலையங்கள் எங்கெங்கிருந்தோ வந்து குவிந்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. டாப் பேண்ட் அந்த மத்திய அலைக்கு அடுத்த வீடு.

முதலில் உரிமம். இந்தியாவில் டாப் பேண்டில் நீண்ட காலமாக ஹாம்கள் புழங்கிவந்த இடம் 1820 முதல் 1860 கிலோஹெர்ட்ஸ் வரை. உங்கள் உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு அதற்குள் நில்லுங்கள். கீழ் பேண்டுக்கே புதியவர் என்றால் எடுத்த எடுப்பில் 160க்குப் போக வேண்டாம். 40 மீட்டரில் ஒரு குளிர்காலம் இருந்து, எந்த நேரத்தில் எந்தத் திசை திறக்கிறது என்று காதுக்குப் பழக்கிவிட்டு இறங்கினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அடுத்தது கம்பி. அரை அலைநீள டைப்போல் 160 மீட்டருக்கு ஏறத்தாழ 80 மீட்டர் நீளம் வரும். தோப்பு வைத்திருப்பவர் கட்டிவிடலாம்தான். ஆனால் 15 மீட்டர் உயரத்தில் கட்டினால் அது அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. சக்தியெல்லாம் உச்சிக்குப் போய் நேரே கீழே இறங்கும். மதுரையிலிருந்து சென்னையோடு பேச அருமையான ஆன்டெனா, மாஸ்கோவுக்கு ஆகாது. தூரம் போக வேண்டிய அலை அடிவானத்தை ஒட்டிப் புறப்பட வேண்டும், அதற்குச் செங்குத்தான கம்பி வேண்டும். கால் அலைநீளம் என்றாலே 40 மீட்டர் உயரம். அவ்வளவு உயரக் கோபுரம் யாரிடம் இருக்கிறது? அதனால் ‘இன்வெர்ட்டட் எல்’: கம்பி முடிந்த உயரத்துக்குச் செங்குத்தாக ஏறி, மீதி நீளம் படுக்கையாக இன்னொரு மரத்தை நோக்கிப் போகும். மொத்த நீளம் 40 மீட்டர்.

நம் பக்கத்தில் இதற்குத் தென்னையைவிட நல்ல கோபுரம் கிடையாது. தேங்காய் பறிக்க ஆள் மரம் ஏறும் நாளில் ஒரு சின்னக் கப்பியையும் கொடுத்தனுப்புங்கள். கொண்டைக்குச் சற்றுக் கீழே, தண்டில் கட்டச் சொல்லுங்கள். மட்டையில் கட்டினால் மட்டை விழும் அன்று ஆன்டெனாவும் விழும். கப்பி வழியாக நைலான் கயிறு போகட்டும். கயிற்றின் மறுமுனையைத் தரையில் இறுக்கிக் கட்டாமல் மணல் நிரப்பிய கேனைத் தொங்கவிடுங்கள். காற்றில் மரம் ஆடும்போது கேன் ஏறி இறங்கும், கம்பி அறாது. கம்பிக்கு வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியே போதும். மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறையை உரிக்க வேண்டியதில்லை. தண்டை உரசிக்கொண்டு ஏறாமல் ஒரு மீட்டராவது தள்ளி நிற்கட்டும். படுக்கைக் கம்பியின் நுனியில் 100 வாட்டிலேயே ஆயிரம் வோல்ட் அளவுக்கு நிற்கும், ஆகவே கைக்கு எட்டாத உயரத்தில் முடியுங்கள். மின்வாரியக் கம்பி போகும் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம்.

மேலே போன கம்பி ஆன்டெனாவில் பாதிதான். மறுபாதி தரையில் கிடக்கும் ரேடியல் கம்பிகள். கோஆக்ஸ் கேபிளின் நடுக்கம்பி மேலே ஏறும் கம்பிக்கும், வெளி உறை இந்த ரேடியல்களுக்கும் போகும். இந்த இடத்தில், கேபிளுக்கும் ஆன்டெனாவுக்கும் பொருத்தம் பார்க்கும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் ஆளை நன்றாக ஏமாற்றும். 15 மீட்டர் உயர்ந்து மடங்கும் இன்வெர்ட்டட் எல்லின் கதிர்வீச்சுத் தடை ஏறத்தாழ 12 ஓம் என்று வைத்துக்கொள்வோம். நாலைந்து ரேடியலை மட்டும் போட்டு அளந்தால் மீட்டர் 50 ஓம் காட்டும், எஸ்.டபிள்யூ.ஆர். ஒன்றுக்கு ஒன்று. பார்க்க அழகு. ஆனால் அந்த 50இல் 38 ஓம் மண்ணின் இழப்பு. செட்டிலிருந்து புறப்பட்ட 100 வாட்டில் 24 வாட்தான் வானத்துக்குப் போகிறது, மீதி மண்புழுவுக்கு வெந்நீர் வைக்கிறது. ரேடியல்களைக் கூட்டக் கூட்ட எஸ்.டபிள்யூ.ஆர். கெட்டுக்கொண்டே வரும். 2க்கு 1 ஆகும், இன்னும் போகும். அதுதான் நல்ல சேதி. இழப்பு குறைகிறது என்று அர்த்தம். பொருத்தம் பார்க்கும் வேலையை அடியில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் சுற்றி முடித்துக்கொள்ளலாம்.

எத்தனை ரேடியல் போடலாம்? இடத்துக்கும் பணத்துக்கும் தக்கபடி பதினாறு, முப்பது. ஒவ்வொன்றும் ஒரே நீளமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நீளமாகச் சில கம்பிகள் இருப்பதைவிடக் குட்டையாகப் பல கம்பிகள் இருப்பது மேல். தரையிலேயே கிடத்திவிடலாம், ஒரு மழைக்குப் பிறகு புல் மூடிக்கொள்ளும். கடற்கரையில் வீடு உள்ளவருக்குப் பாதிக் கவலை இல்லை. உப்புத் தண்ணீரைப் போன்ற தரை காசு கொடுத்தாலும் கிடைக்காது.

இதுவரை சொன்னதெல்லாம் அனுப்பும் பக்கம். சனி, ஞாயிறு இரண்டு நாள் உழைத்தால் முடிந்துவிடும். கேட்கும் பக்கத்துக்கு முடிவே கிடையாது.

செட்டை 1830 கிலோஹெர்ட்ஸில் வைத்து எஸ்-மீட்டரைப் பாருங்கள். நகரத்தில் சிக்னல் எதுவும் இல்லாமலே முள் எஸ்8இல் நிற்கும். எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், கேபிள் டிவி பெட்டி, மாடியில் சோலார் என்று இருக்கிற ஒவ்வொன்றும் தன் பங்குக்கு இரைகிறது. எஸ்-மீட்டரில் ஒரு படி என்பது 6 டெசிபல், சக்தியில் நான்கு மடங்கு. இரைச்சலை எஸ்8இலிருந்து எஸ்6க்கு இறக்கிவிட்டால், மறுமுனையில் இருப்பவர் 100 வாட்டை 1,600 வாட்டாக உயர்த்தியதற்குச் சமம். அவர் ஒரு பைசா செலவழிக்கவில்லை. நீங்கள் ஒரு சார்ஜரைக் கழற்றினீர்கள், அவ்வளவுதான். லீனியர் ஆம்ப்ளிஃபயர் வாங்கப் பணம் சேர்ப்பவர்களிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் கேட்க மாட்டார்கள். பெரிய பெட்டி வாங்கி வைத்து ஊரெல்லாம் கேட்கக் கூவிவிட்டு, பதில் சொன்னவர்களைக் கேட்க முடியாமல் திரும்பத் திரும்பக் கூவுபவர்களை எல்லா ராத்திரியும் பார்க்கலாம்.

இரைச்சலை வேட்டையாட ஒரு முறை இருக்கிறது. செட்டை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டுங்கள். வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். முள் விழுந்தால் குற்றவாளி உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். மெயினைப் போட்டு, ஒவ்வொரு எம்.சி.பி.யாகத் தூக்கிக்கொண்டே வந்தால் எந்த அறை என்று தெரியும். பிறகு பிளக் பிளக்காகத் தேட வேண்டியதுதான். முள் விழவில்லை என்றால் குற்றவாளி வெளியே. மத்திய அலை டிரான்சிஸ்டரை எடுத்து, முள்ளை மேல்கோடியில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்து, தெருவில் நடந்து பாருங்கள். உள்ளே இருக்கும் ஃபெரைட் கம்பிக்குத் திசை தெரியும். ரேடியோவைச் சுற்றச் சுற்ற ஓரிடத்தில் இரைச்சல் அமுங்கும். அப்போது ஃபெரைட்டின் நுனி காட்டும் கோட்டில்தான் மூலம் இருக்கிறது. பக்கத்து வீட்டு மாடிப்படி பல்பு என்று தெரிந்தால் நல்ல பல்பு ஒன்றை வாங்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டுங்கள். சண்டைக்குப் போவதைவிட மலிவு. கோடையில் ஓயாமல் கரகரத்து, ஒரு மழை பெய்ததும் நின்றுவிடுகிற இரைச்சல் என்றால் மின்கம்பத்துப் பீங்கானில் படிந்த தூசியைச் சந்தேகிக்கலாம்.

அனுப்பும் ஆன்டெனாவிலேயே கேட்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. செங்குத்துக் கம்பி நாலா பக்கத்து இரைச்சலையும் வாரிக்கொண்டு வரும். டாப் பேண்டில் தேர்ந்தவர்கள் கேட்பதற்கென்றே தனி ஆன்டெனா வைத்திருப்பார்கள். நகரவாசிக்கு ஒரு மீட்டர் அகல வளையம் போதும். சிக்னல் பலவீனமாகத்தான் வரும், பரவாயில்லை. இரைச்சல் வரும் திசையில் வளையத்தின் குருட்டுப் பக்கத்தைத் திருப்பி வைத்தால் சிக்னல் இரைச்சலிலிருந்து எழுந்து நிற்கும். நிலம் உள்ளவருக்கு ‘பெவரேஜ்’ ஆன்டெனா. ஹரால்ட் பெவரேஜ் என்ற அமெரிக்கப் பொறியாளர் வகுத்தது. இரண்டு, மூன்று மீட்டர் உயரத்தில், ஓர் அலைநீளத்துக்கு, அதாவது 160 மீட்டர் அல்லது அதற்கு மேல், கேட்க வேண்டிய திசையைப் பார்த்து நேராக ஓடும் ஒற்றைக் கம்பி. கடைக்கோடியில் 450 ஓம் தடை ஒன்று வழியாகத் தரைக்கு இறங்கும்.

பார்த்தால் வேலிக் கம்பி மாதிரி இருக்கும் இதைத்தான் 1921 டிசம்பரில் பால் காட்லி ஸ்காட்லாந்துக் கடற்கரைக்குக் கொண்டுபோனார். அமெரிக்க அமெச்சூர்களின் குறைந்த சக்தி சிக்னல் அட்லாண்டிக்கைத் தாண்டுமா என்று பார்க்க, ஏ.ஆர்.ஆர்.எல். சங்கம் அவரைக் கப்பலேற்றி அனுப்பியது. ஆர்ட்ராசன் என்ற ஊரில் கூடாரம் அடித்து, மழையிலும் குளிரிலும் ஏறக்குறைய 400 மீட்டருக்கு ஒரு பெவரேஜ் கம்பியை இழுத்துக் கட்டினார். கனெக்டிகட் மாநிலம் கிரீனிச்சிலிருந்து 1பிசிஜி என்ற நிலையம் அனுப்பியதை அதில் தெளிவாகக் கேட்டார். அலைநீளம் 230 மீட்டரை ஒட்டி, இன்றைய டாப் பேண்டுக்குப் பக்கத்தில்தான். இருபுறமும் பேசிக்கொள்ளும் முதல் அமெச்சூர் தொடர்பு 1923 நவம்பரில்தான் அட்லாண்டிக்கைக் கடந்தது. கேட்பது முதலில், பேசுவது பிறகு.

நம் ஊரில் பெவரேஜ் கட்ட வரப்பு வசதி. சவுக்குக் கம்புகளை நட்டு, கம்பியை வடமேற்கு பார்த்து ஓட்டுங்கள். சென்னையிலிருந்து லண்டன் 320 பாகையில் இருக்கிறது, நியூயார்க் ஏறத்தாழ 337 பாகையில். ஒரே கம்பி இரண்டுக்கும் ஆகும். அறுவடை இயந்திரம் வருவதற்கு முன்னால் கழற்றிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் தொந்தரவு.

இனி நேரம். இரண்டு முனையிலும் இருட்டாக இருக்க வேண்டும்; மிஞ்சிப் போனால் ஒரு முனை விடியல் அல்லது அந்தி விளிம்பில் நிற்கலாம். டிசம்பர் மூன்றாவது வாரத்தில் சென்னையில் மாலை 5.48க்குச் சூரியன் மறைகிறது, காலை 6.27க்கு உதிக்கிறது. டோக்கியோவில் அதற்கு வெகு முன்பே இருட்டிவிட்டது. அங்கே விடியும்போது நமக்கு விடிகாலை 3.17. ஆகவே மாலை ஆறு மணிக்கே ஜப்பானைத் தேடலாம். லண்டனில் இருட்டும்போது நமக்கு இரவு 9.23, அதிலிருந்து நம் விடியல் வரை ஐரோப்பா. அமெரிக்கக் கிழக்குக் கரை, பாஸ்டனை எடுத்துக்கொண்டால், அங்கே அந்தி நமக்கு 2.45. அங்கிருந்து ஆறரை வரை நான்கு மணி நேரம்கூட இல்லாத ஒரு சன்னல். சான் பிரான்சிஸ்கோவுக்கு மாலை ஆறிலிருந்து எட்டு ஐம்பது வரை. அந்தப் பாதை வடதுருவப் பகுதியை ஒட்டிப் போவதால் பூமியின் காந்தப்புலம் அமைதியாக இருக்கும் நாட்களில் மட்டும் வாய்க்கும்.

இந்தச் சன்னல்களின் ஓரங்கள்தான் ருசியான இடம். ஒரு முனையில் சூரியன் உதிக்கும் நேரத்தில் சிக்னல் சில நிமிடம் திடீரென்று தூக்கும். 80 மீட்டரில் இது வழக்கமாக நடக்கும். 160இல் நடந்தால் நடக்கும். சில நாள் இரண்டு நிமிடம், சில நாள் இருபது, பல நாள் ஒன்றுமே இல்லை. ஏன் என்று யாரைக் கேட்டாலும் ஒவ்வொருவரிடமும் ஒரு தத்துவம் இருக்கும்.

பருவமும் உண்டு. சூரியப் புள்ளிகள் குறைந்த ஆண்டுகள் கீழ் பேண்டுகளுக்குக் கொண்டாட்டம். 2019 டிசம்பரை ஒட்டிய குளிர்காலங்கள் அப்படிப்பட்டவை. உலகத்தில் பெரிய டாப் பேண்ட் போட்டிகள் டிசம்பரிலும் ஜனவரியிலும் நடக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு ஸ்டூ பெர்ரியின் பெயர். மாசசூசெட்ஸின் வின்த்ரோப் ஊர்க்காரர், 1930களிலேயே இந்த பேண்டில் அட்லாண்டிக்கைத் தாண்டும் சோதனைகளில் இறங்கியவர். அந்தப் போட்டியில் தூரத்தை வைத்துத்தான் மதிப்பெண், ஆகவே தென்னிந்தியாவிலிருந்து ஒரு சிக்னல் வந்தால் அள்ளிக்கொள்ள ஆள் காத்திருப்பார்கள். நமக்கு ஒரு சங்கடம், வடகிழக்குப் பருவமழை. அக்டோபர், நவம்பரில் மின்னல் வெடிப்பு காதைப் பிளக்கும். மழை ஓய்ந்து டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை இங்கே சுத்தமான ராத்திரிகள்.

சரி, ஹெட்ஃபோனை மாட்டுங்கள். மோர்ஸ் தெரிந்தால் நல்லது; இந்த ஆழத்தில் குரல் எடுபடுவது அபூர்வம். ஃபில்டரை 250 ஹெர்ட்ஸுக்குச் சுருக்குங்கள். அதற்கும் கீழே போனால் இரைச்சலே மணி அடிப்பது போல் ஒலித்து சிக்னலோடு குழப்பும். ஏ.ஜி.சி.யை அணைத்து, ஆர்.எஃப். கெயினைக் கையால் குறைத்து வையுங்கள். பிறகு பேண்டை மெதுவாக, மிக மெதுவாக உருட்டுங்கள். வேகமாக உருட்டுபவர் உரத்த நிலையங்களை மட்டுமே கேட்பார். தேடி வந்த ஆளோ இரைச்சலின் தரைமட்டத்தில் படுத்திருப்பார்.

ஓர் இடத்தில் இரைச்சலின் நிறம் லேசாக மாறும். அங்கே நிறுத்துங்கள். இரண்டு எழுத்து வரும், அமுங்கும். அரை நிமிடம் கழித்து மீதி வரும். யார் என்று முழுதாகத் தெரியாமல் கூப்பிட வேண்டாம். அவர் சொல்லும் நேரம், நிறுத்தும் நேரம், ஏற்ற இறக்கத்தின் தாளம் எல்லாம் பிடிபடட்டும். சிக்னல் ஏறும் அலையில் உங்கள் அழைப்புக்குறியை இரண்டு முறை, அவருடைய வேகத்திலேயே அனுப்புங்கள். ‘அப்’ என்று சொல்கிறார் என்றால் தன் அதிர்வெண்ணில் கூப்பிடாதே, ஒரு கிலோஹெர்ட்ஸ் மேலே கூப்பிடு என்று பொருள். அங்கேயே கூப்பிட்டு எல்லாருடைய வசவையும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம்.

பிறகு அது வரும். டிடிடிடா, டிடிடா, டிடிடாடாடா. வி.யு.2. அதற்கப்புறம் ஒரு கேள்விக்குறி. உங்கள் குறியில் முன்பாதிதான் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. இங்கே பதற்றப்பட்டு முழு வாக்கியமாக அனுப்பக் கூடாது. விடுபட்ட எழுத்துகளை மட்டும் மூன்று, நான்கு முறை, நிதானமாக. ஒரு மின்னல் வெடிப்பு ஓர் எழுத்தை விழுங்கினாலும் அடுத்தது தப்பும். முழுக்குறியும் திரும்பி வந்து, கூடவே டிடிடிடிடிட், டாடிட், டாடிட் என்று ஒலித்தால் வேலை முடிந்தது. 5என்என், அதாவது 599, அருமையாகக் கேட்கிறீர்கள் என்ற சான்றிதழ். ஐந்து நிமிடம் உயிரைக் கொடுத்து உங்கள் குறியைப் பொறுக்கியவரே அதையும் அனுப்புவார். ஹாம் உலகின் நிரந்தரப் பொய் இது. டாப் பேண்டில் மட்டும் 339, 449 என்று உண்மை சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால் எனக்கு 599ஐவிடச் சந்தோஷம்.

எஃப்டி8 பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1993இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கேயும் 2017இல் கொண்டுவந்த கணினி முறை. பதினைந்து பதினைந்து வினாடியாக அனுப்பி, காதுக்கு எட்டாத சிக்னலையும் பிரித்தெடுக்கும். 1840 கிலோஹெர்ட்ஸில் எந்த ராத்திரியும் கூட்டம்தான். நகரத்து அடுக்குமாடியில் மாட்டிக்கொண்டவருக்கு அது வரப்பிரசாதம், மறுக்கவில்லை. ஆனால் கேட்கும் வேலையைக் கணினிக்குக் கொடுத்துவிட்டால் நான் எதற்கு அங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்குத் தோன்றுகிறது. இரைச்சலுக்கு எதிரான வேட்டை மட்டும் அதற்கும் இதற்கும் பொது.

தொடர்பு முடிந்ததும் உடனே லாகில் எழுதுங்கள். நேரம் உலகப் பொது நேரத்தில், யுடிசியில்தான் இருக்க வேண்டும். நம் காலை 5.30க்கு அங்கே நள்ளிரவு. டாப் பேண்டின் நல்ல நேரம் சரியாக இந்தக் கோட்டின் இருபுறமும் விழுகிறது. 5.20க்குப் பிடித்த பாஸ்டன்காரர் லாகில் முந்தைய நாள் தேதியோடு 23:50. 5.40க்குப் பிடித்த அவருடைய பக்கத்து ஊர்க்காரர் இன்றைய தேதியோடு 00:10. தூக்கக் கலக்கத்தில் தேதி மாறினால், ஏ.ஆர்.ஆர்.எல்.லின் இணைய லாகில் இரண்டு பக்கப் பதிவும் ஒன்றோடொன்று பொருந்தாது. பிடித்த நாடு டிஎக்ஸ்சிசி என்ற நாடுகள் கணக்கில் ஏறாது. ஏற்றுவதற்கு முன் தேதியை ஒரு தடவை சரிபாருங்கள். ஏழு மணிக்கெல்லாம் டி அடுக்கு திரும்பி வந்து பேண்டை மூடிவிடும். கோஆக்ஸைச் செட்டிலிருந்து கழற்றி, சுவருக்கு வெளியே தொங்கவிட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். பருவமழைக் காலமாக இருந்தால் தூக்கத்தைவிடக் கழற்றுவது முக்கியம்.